வாய் கொப்பளித்தவர்கள்

எங்கள் பெட்டியில் சாதி கிடையாது என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பினேன் என்று எழுதினால் அது பொய். அப்படிச் சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருந்தது, அதனால் சொல்லிக்கொண்டேன்.

பெட்டி என்றால் ரயில் பெட்டி. திருத்தணியில் விடிகாலை புறப்படும் லோக்கல் வண்டியில் பெண்கள் பெட்டி. எதிரும் புதிருமாக நான்கு நீள இருக்கைகளில் எங்கள் கோஷ்டி உட்காரும். எல்லோரும் சீசன் டிக்கெட், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பிசிறு நூல், கோணல் தையல், அரைகுறையாகத் தைத்த பொத்தான் எல்லாம் தூரத்திலிருந்தே என் கண்ணில் பட்டுவிடும். 'இவ கண்ணுல இருந்து தப்ப முடியாதுடா' என்று சூப்பர்வைசர் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கோஷ்டிக்குத் தலைவி ஒருவர் உண்டு. அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. எல்லோருக்கும் அவர் அக்கா. யார் ஜன்னலோரம், யாருக்குப் பிறந்தநாள் கேக், எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். இப்போது அவரை 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. பதினோரு வருஷப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. அரக்கோணம் தாண்டியதும் டிபன் பாக்ஸ்களைத் திறப்போம். யாரும் தன் பாக்ஸிலிருந்து தின்னக் கூடாது. எல்லாவற்றையும் நடுவில் ஒரு பேப்பர் விரித்து வைப்போம், கைக்கு எது வருகிறதோ அது. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாவிலை கட்டி, கம்பியில் வாழைக்கன்று சாய்த்து, பொரி கடலை கொடுப்போம். போன ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் பாக்ஸ் வாங்கினோம், நீல மூடி போட்டது. பேர் பொறித்துக்கொள்ளலாமா என்று கோஷ்டியில் இருந்த டீச்சர் கேட்டார்.

"நமக்குள்ள இன்னாத்துக்குடி பேரு? யாரு பாக்ஸா இருந்தா இன்னா, சோறு சோறுதான்" என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இன்னொரு வழக்கம், வளைகாப்பு. எங்களில் யாராவது உண்டானால் ஏழாம் மாதம் ரயிலிலேயே வளைகாப்பு நடத்துவோம். ஆளுக்கொரு சாதம் செய்து வருவோம். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி முடித்ததும், வளைகாப்புக்காரி தன் கையால் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் ஊட்ட வேண்டும். ஊரில் எங்கும் இல்லாத இந்த ஊட்டுகிற சடங்கைக் கொண்டுவந்தது அக்காதான். புள்ளத்தாச்சி கையால் வாங்கித் தின்றால் வீட்டுக்கு நல்லது என்பார். சாதம் பட்டியல் போடுவது எப்போதும் என் பொறுப்பு.

நர்ஸ் பெண் வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆவடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. முப்பது வயது இருக்கும். கனகம்மாசத்திரம் போகிற வழியில் அவள் ஊர். அங்கிருந்து புருஷன் பைக்கில் கொண்டுவந்து திருத்தணி ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போவான். எங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களையெல்லாம் படித்து அர்த்தம் சொன்னவள் அவள். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. பெட்டியில் இரண்டு பேருக்கு வளைகாப்பு நடந்தபோது எல்லோரையும்விட அதிகமாக ஓடியாடி வேலை செய்தவள் அவள்தான். மாமியார் வீட்டில் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போன முகத்தோடு, அடுத்தவள் கையில் வளையல் அடுக்கினாள்.

இந்தத் தை மாதம் அவள் புது வீடு கட்டிக் குடிபுகுந்தாள். பத்திரிகை அடித்து ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்தாள். பத்திரிகையின் மேலே, பிள்ளையார் போடுகிற இடத்தில், நீலக் கோட்டுப் போட்ட தலைவரின் படம் இருந்தது.

அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகையை வாங்கிப் பார்த்து, மடித்து, பைக்குள் வைத்தோம். 'ஆங், வந்துட்றோம்மா' என்றோம். ஒருத்தியும் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து தலையணை உறை துவைத்தேன்.

அதற்குப் பிறகு அவளுடைய பாக்ஸ் நிறைந்தே திரும்பியது. பேப்பரில் வைப்பாள். கைகள் அதைத் தாண்டிப் போகும். 'இன்னிக்கி வயிறு சரியில்லமா' என்பார் ஒருத்தர். 'எனக்கு இட்லி போதும்' என்பார் இன்னொருத்தர். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு பாக்ஸை மடியிலேயே வைத்துக்கொண்டு, எங்களுக்காகக் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டும் முறுக்குப் பாக்கெட்டும் கொண்டுவந்தாள். ஒட்டின பாக்கெட்டை நாங்களே பிரித்து, நாங்களே தின்றோம். மானங்கெட்டவர்கள் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பங்குனியில் அவள் உண்டாயிருக்கிறாள் என்று தெரிந்தது. என்னிடம்தான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு, வெட்கத்தோடு, "ஏழாவது மாசம் நம்ப பெட்டியில பண்ணுவீங்க இல்லிங்க? எனக்கு அஞ்சு வக சாதம்லாம் வேணாங்க. வளையல் மட்டும் போதும்" என்றாள். அவள் வேறு எதையும் யாரிடமும் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

அக்காவிடம் சொன்னேன். அன்று மாலையே எங்கள் வாட்ஸாப் குரூப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குரூப் முளைத்தது. எல்லோரும் இருந்தோம், அவள் மட்டும் இல்லை. 'ட்ரெயினில் விசேஷம் செய்தால் போலீஸ் ஃபைன் போடுகிறார்களாம், இனி வளைகாப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். அவள் மனசும் நோகாது' என்று அக்கா எழுதியிருந்தார். 'ஊட்டுற பிரச்சனையும் இல்லை' என்று டீச்சர் அதற்குக் கீழே எழுதியிருந்தார். டீச்சர்! பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்தன. ஏழாவதாக ஒரு கட்டைவிரல். அது என்னுடையது.

ஏன் போட்டேன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. போடாவிட்டால் மறுநாள் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம். ஜன்னலோர இடம் போய்விடுமோ, என் பாக்ஸும் அப்படியே திரும்பி வருமோ என்ற பயம். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு, கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவளுக்கு, ரயில் சிநேகிதிகளிடம் பயம். நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆடிக் கிருத்திகை முடிந்து பத்து நாள் இருக்கும். அக்கா வருஷா வருஷம் மலைக்குப் பூக்காவடி எடுக்கிறவர். பர்ஸில் கோயில் விபூதிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு வண்டியில் நெரிசல். நர்ஸுக்கு வயிறு மேடிட்டிருந்ததால் மடியில் பாக்ஸ் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுத்து நடுவில் பேப்பர்மேல் வைத்தாள். நீல மூடி போட்ட பாக்ஸ்களோடு இன்னொரு நீல மூடி. அக்கா கையை நீட்டி அதை எடுத்தார்.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

"யப்பா! இன்னா புளிசாதம்டி இது!" என்றார் அக்கா. "வேர்க்கடல போட்டு, எள்ளு வறுத்துப் பொடிச்சி... எங்க அம்மா பண்ணுவாங்க இப்படி. அவங்க போனதுக்கு அப்புறம் இப்பத்தான் சாப்புட்றேன்." இரண்டு வாய், மூன்று வாய் தின்றார். கண் கலங்கியது, நிஜமாகவே. என்னைப் பார்த்து, "உன்னுதா?" என்று கேட்டார்.

"எங்க அம்மா பண்ணதுங்கக்கா" என்றாள் நர்ஸ். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இதுவரை யார் முகத்திலும் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டுச் சோற்றை ஒருத்தர் தின்றிருக்கிறார்.

அக்காவின் கை அப்படியே நின்றது. பாக்ஸைக் கீழே வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே துப்பினார். இன்னொரு தடவை கொப்பளித்தார். பிறகு பர்ஸைத் திறந்து, மலைக்கோயில் விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

எந்த மலை விபூதி? குறத்தி கையால் தினைமாவு வாங்கித் தின்றுவிட்டு, 'இன்னும் கொடு' என்று அவள் பின்னாலேயே அலைந்த சாமியின் மலை. அந்தக் குறத்தியைக் கட்டிக்கொண்டு சாமி வந்து உட்கார்ந்த ஊரில் பிறந்து, அவன் பேரைச் சொல்லிக் காவடி தூக்கி, அவன் சாம்பலையே எடுத்து ஒரு ஏழைத்தாய் சமைத்த சோற்றின் ருசியைக் கழுவுகிறார்.

"இன்னாக்கா பண்றீங்க?" என்றேன்.

"பல்லுல கல்லு மாட்டிகிச்சி."

"கல்லா? இப்பத்தான அம்மா ஞாபகம் வந்துச்சின்னு அழுதீங்க? அப்ப கல்லு இல்லியா?"

"நீ சும்மா இரு" என்றார் டீச்சர்.

"சும்மாதான் இருந்தேன் டீச்சர், ஆறு மாசமா. இவளுக்குத் தெரியாம தனியா குரூப்பு வெச்சிகினு, வளையல் போடக் கூடாதுன்னு எல்லாரும் வெரல தூக்கினோமே, நானுந்தான தூக்கினேன்? போலீசு ஃபைன் போட்றாங்களாம்! எந்தப் போலீசு? சொல்லுங்கக்கா, எந்தப் போலீசு?"

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேகம் ஏறிவிட்டது. "யாரும் பண்ண வேணாம். வர்ற வெள்ளிக்கெழம இவ வளைகாப்ப இதே பெட்டியில நான் ஒருத்தியே பண்றேன். யாரு தடுக்கிறாங்கன்னு பாக்கறேன்" என்று கத்தினேன். கத்திய பிறகு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி இருந்தது. அந்த மிதப்பு ஆவடி வரைக்கும் இருந்தது.

ஆவடியில் அவள் இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை, கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"என்ன கேட்டீங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கெழம வளைகாப்புன்னு அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்களே, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆறு வருசம் கழிச்சி தங்கியிருக்குதுங்க. அத வெச்சி நீங்களும் அவங்களும் சண்ட போட்டுக்கறதா? குரூப்பு வெச்சிகினு பேசனத அங்க வெச்சித்தான் எனக்குச் சொல்லணுமா? தனியா கூப்ட்டு சொல்லியிருந்தீங்கன்னா நானே ஒதுங்கிப் போயிருப்பேன். இப்ப பெட்டி பூரா என்ன பாத்துச்சி."

அடுத்த வண்டிக்கான அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருந்துவிட்டு அவள் பேசினாள்.

"ட்ரெயின்ல வேணாங்க. அங்க பண்ணணும்னு இருந்த ஆச இன்னியோட போச்சி. ஞாயித்துக்கெழம எங்க வூட்ல வளைகாப்பு. வர்றதுன்னா வாங்க. எங்க அம்மா கையால சாப்டுங்க. சாப்ட்டத அந்தக் குரூப்புல போடுங்க, எல்லாரும் பாக்கட்டும். முடியலன்னா பரவால்லிங்க, கோவிச்சிக்க மாட்டேன். ஆனா எனக்காகப் பேசினேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அவள் படியேறிப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இவளுக்காக எல்லோரையும் பகைத்துக்கொண்டேனே, நன்றியில்லையே என்று அம்பத்தூர் வரை பொருமினேன். அன்றைக்கு ஒரு பிசிறு நூல்கூடக் கண்ணில் படவில்லை. சாயங்காலம்தான் உறைத்தது. ரயிலில் கத்தியதில் எனக்கு என்ன போயிற்று? ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போறதுன்னா போய்ட்டு வா. யாரு கேக்கப்போறாங்க? போட்டோ கீட்டோ மட்டும் போடாத. நம்ம சொந்தக்காரங்க கண்ணுல பட்டா வம்பு" என்றார். எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல்லும் கரும்பும் இருக்கிறது. அவள் ஊர்க்காரர்கள் எங்கள் நிலத்தில் நடவுக்கு வருகிறவர்கள். நிலத்தில் இறங்கி நாற்று நடலாம், அந்தக் கை சமைத்ததைத் தின்னக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

புது வீடு சின்னது, வெளிர்ப்பச்சைச் சுவர். முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். நான் வந்ததைப் பார்த்து நர்ஸ் சிரிக்கவில்லை, "வாங்க" என்றாள். வளையல் போட்டேன், சந்தனம் பூசினேன். இலையில் அவள் அம்மா புளிசாதம் வைத்தார்கள். முதல் கவளத்தை எடுத்தேன். தொண்டை ஒரு நொடி மூடிக்கொண்டது. எனக்கு அருவருப்பு இல்லை, சத்தியமாக இல்லை. நாற்பத்தாறு வருஷமாக எனக்குள் ஊறிக்கிடந்த ஏதோ ஒன்று, என்னைக் கேட்காமலே என் தொண்டையைப் பிடித்தது. அந்த அம்மா பார்த்துவிட்டார்கள்.

"காரமாக்கீதாம்மா?" என்று கேட்டார்கள்.

"இல்லிங்கம்மா" என்று சொல்லி விழுங்கினேன். இரண்டாவது கவளம் தானாக இறங்கியது. அக்கா அழுததில் தப்பில்லை, அப்படி ஒரு புளிசாதம். மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

நர்ஸின் தங்கை படம் எடுத்தாள். நான் வாய் நிறையச் சோற்றோடு இருக்கிறேன், பக்கத்தில் அவள் அம்மா கரண்டியோடு நிற்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து குரூப்பில் போட்டேன். கத்துவதற்கு நடுங்காத உடம்பு, சத்தமில்லாத ஒரு படத்துக்கு நடுங்கியது. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒருத்தியும் எழுதவில்லை. இலையை எடுப்பதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். பஸ் ஏறுவதற்குள் யார் மூலமோ படம் கைமாறிப் போய், நாத்தனார் புருஷன் வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டார். "பாவா கேக்கறாரு, நான் இன்னா பதில் சொல்றது?" என்று என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார் வீட்டுக்காரர். "புளிசாதம் நல்லாருந்துச்சின்னு சொல்லுங்க" என்றேன். அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை. முந்தின நாள் மலையில் முகூர்த்தத்துக்கு வந்து திரும்புகிற கூட்டம், திருத்தணியிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. நான் ஏறும்போது நர்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். எங்கள் இருக்கைகளில் அவள் இடத்தில் ஒரு பை, என் இடத்தில் ஒரு பை. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைய எடுங்கக்கா" என்றேன்.

"எடம் புடிச்சி வெச்சிருக்குது. அரக்கோணத்துல ஆளு ஏறுவாங்க."

அரக்கோணம் வந்தது. ஏறினார்கள், எங்கள் இருக்கைக்கு யாரும் வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி நிற்கிறாள், பை உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நர்ஸைப் பார்த்து, "உக்காந்துக்கறியாமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவள் இடத்தில் இருந்த பையைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தேன். நர்ஸ் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அக்கா சட்டென்று எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைவழிக்கு வந்து நின்று, திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். வாங்கடி என்று சொல்லவில்லை. அவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள் என்பது பதினோரு வருஷ வழக்கம். ஒருத்தியும் எழவில்லை. மனம் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூட்டத்தில் எழுந்தால் இடம் போய்விடும், அவ்வளவுதான். டீச்சர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா நின்றுகொண்டே வந்தார். புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு, மணவூர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அவர் எழுந்த இடம் காலியாகவே இருந்தது, கேட்டவர்களிடம் ஆள் வருது என்று சொல்லி, நர்ஸ் ஒடுங்கி ஒடுங்கி அதை அவருக்காக விட்டுவைத்திருந்தாள்.

கடம்பத்தூர் தாண்டியதும் நர்ஸ் என் முழங்கையைத் தொட்டாள். "அவங்க கால பாருங்க, எப்படி வீங்கிப்போய் கீதுன்னு. அத்தினி நேரம் நிக்கக் கூடாதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க உக்காரச் சொல்லுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது. செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது.

நான் சொல்லவில்லை. கடைசியில் நர்ஸ்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "நீங்க உக்காருங்கக்கா, நான் நிக்கறேன்" என்றாள். அவள் எழுந்த இடத்தில், அக்கா உட்கார்ந்தார்.